ஹீரோவுக்கு அடுத்த கார்டு

“டைட்டில்ல ஹீரோ பேருக்கு அடுத்த கார்டு! அதைவிட என்ன மரியாதை வேணும் உனக்கு?”

“உன் மரியாதையை நீயே வெச்சுக்க. என் பேரை மேக்கப்மேன் பேருக்குப் பக்கத்துல போடு, போதும்!”

சாலிகிராமத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி. அவனுடைய ஆபீஸ். கதவு திறந்தே கிடந்தது.

மாடிப்படியில் நின்றால் எல்லாம் கேட்கும். நின்றோம்.

அவன் இயக்குநர். முதல் படம். கதை அவளுடையது.

மூன்று வருடம் இருவரும் அந்த அறையில் எழுதினார்கள். அதாவது, அவள் எழுதினாள். அவன் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். முதல் மாடிக்காரர்களுக்குத் தெரியும்.

படம் வந்ததும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது நாங்கள்.

டைட்டில் ஓடும் காட்சியும் அவள் யோசித்ததுதான். மழையில் ஒரு பஸ். ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடி. யாரோ விரலால் எழுதுவதுபோல் பெயர்கள் வரும், வழியும். ஒரு பெயரை இரண்டு தடவை வாசிக்கிற நேரமாவது அது நிற்க வேண்டும் என்பாள்.

அதற்கு நடுவில் இப்போது நெருப்பைச் செருகியிருந்தான். இரும்பு எழுத்துகள் இடியோடு வந்து விழும். ஹீரோ பெயர்.

உடனே கறுப்புத் திரையில், வெள்ளையில், ‘கதை’ என்று அவள் பெயர்.

பெரிய இடம்தானே? எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. என்னைக் கீழே இறக்கிப் போடு என்று ஒருத்தி சண்டை பிடிப்பாளா? எதிர்வீட்டு மனோரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே அவள் விடவில்லை. “ஹீரோ பேரு வந்தப்புறம் தியேட்டர்ல எவன் திரையைப் பாக்குறான்?”

அவன் சிரித்தான். அதுவும் படிவரை கேட்டது.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. எங்களுக்கும் டிக்கெட் கொடுத்திருந்தான். இல்லையென்று சொல்லக் கூடாது.

எங்களுக்கு முன் வரிசையில் அவள். பக்கத்தில் அவளுடைய அப்பா. கோவில்பட்டியிலிருந்து இதற்காகவே வந்தவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மழை. பஸ். பெயர்கள்.

நெருப்பு.

தியேட்டர் மொத்தமும் எழுந்தது. விசில். கிழித்த காகிதம் கூரைவரை பறந்தது. நாலு பேர் திரைக்கு முன்னால் ஏறி ஆடினார்கள்.

அப்பாவும் எழுந்தார். குதிகாலை உயர்த்தினார். தலைகளுக்கு நடுவே இடம் தேடினார்.

எங்களுக்கும் முதுகுகள்தான் தெரிந்தன.

எல்லோரும் உட்கார்ந்தபோது திரையில் மேக்கப்மேன் பெயர். சாவகாசமாக இரண்டு தடவை வாசித்தோம்.

“உன் பேரு எப்பம்மா வரும்?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. கடைசிப் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டார்கள். கதவுகளைத் திறந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. திரை வெள்ளையாகும்வரை பார்த்தார்.

வெளியே அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்தே கூப்பிட்டான்.

“அப்பா, பொண்ணு பேரைப் பாத்தீங்களா? ஹீரோவுக்கு அடுத்து!”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பாத்தேன் தம்பி. நல்லா பெருசா இருந்துச்சு.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் இரண்டாம் மாடிக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். நோட்டுகளை எடுத்துப் போக.

ஐப்பசியில் அவன் தயாரிப்பாளரின் தங்கையைக் கட்டிக்கொண்டான். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

அவள் ஹைதராபாத்துக்கே போய்விட்டாள். போன வருடம் அங்கே ஒரு படம். கதை அவளுடையது. அப்பா ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

அவருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது.

வந்த பெயர் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாராம்.