மூன்றாவது முத்திரை

பரளச்சி பள்ளி மைதானத்தில் இன்று மாலை இலவச வான்காட்சி விழா. யாரும் இரண்டு முறை வரிசையில் வராமலிருக்க, உள்ளங்கையில் நட்சத்திர முத்திரை குத்துவது என் வேலை. பெரியவர்களுக்குச் சிவப்பு, பிள்ளைகளுக்கு நீலம்.

தஸ்லீமா அக்கா மகள் ரைஹானாவுடன் வந்தார்.

"எத்தனை பேரு அக்கா?"

"மூணு."

குனிந்தபடியே, நீட்டிய உள்ளங்கைகளில் இரண்டு சிவப்பும் ஒரு நீலமும் குத்தினேன். ரைஹானா தொலைநோக்கியிடம் ஓடினாள். அக்கா என் மேசையருகிலேயே நின்றார்.

"வாய் தவறி மூணுன்னுட்டேன் தம்பி. இவ அத்தா சவூதியில மவுத்தாகி, அங்கயே அடக்கம் பண்ணி ஆறு மாசமாச்சு. பிள்ளைக்கு இன்னும் தெரியாது. இன்னைக்காவது சொல்லிரணும்."

மூன்று கைகளில் குத்தியதாக நான்தான் தவறாக எண்ணியிருப்பேன். எப்போதும் அப்படித்தான்.

தொலைநோக்கி என் நெஞ்சு உயரம். பிள்ளைகளை வீட்டார்தான் தூக்கிக் காட்ட வேண்டும். ரைஹானா ஒரு கண்ணை மூடிச் சனிக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் நாற்காலி இல்லை; தூக்கிப் பிடிக்க ஆளும் இல்லை.

"அம்மா, வளையம் நல்லாத் தெரிஞ்சுச்சு!" என்று ஓடிவந்தாள். வெள்ளைச் சட்டையில், அக்குளுக்குக் கீழே, சிவப்பு நட்சத்திரம் ஒன்று பதிந்திருந்தது.

அக்கா அதைத் தொட்டார். ஈர மை விரலில் ஒட்டியது. "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு நடந்தார்.