ஏழாவது பூட்டு

"அம்மா, ரயில் எங்க வந்துட்டிருக்கு? மூணு மணிக்குத் திறந்துடுவாங்க. நேரா இங்கயே வந்துடு" என்றான் பெய் லின் போனில்.

டீச்சருக்காக ஒரு மூட்டை ஆரஞ்சு கொண்டுவருவதாக அம்மா சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம வீட்டு வாசப்படியைச் சரியா போட்டிருக்கியாடா? வலது பக்கம் ஒரு கல்லு உடைஞ்சிருக்கும்."

"போட்டிருக்கேம்மா. வந்து பாரு."

அந்த வீடு அணைத் தண்ணீருக்குள் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஒன்பது வயதில் பார்த்ததை நினைவிலிருந்து தோண்டித் தோண்டி இரண்டு வருஷமாக வரைந்திருந்தான் லின். சுவரளவு படம். வாடகை அறைக்குள் அடங்காததால் மூன்று துண்டாக வரைந்தான். மூன்றும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து நின்றது இங்கேதான், சோங்சிங் நகரின் ஆற்றோரத்துப் பழைய கிடங்கில்.

கிடங்கைப் பிடித்துக் கண்காட்சி வைப்பவர் தாங் டீச்சர். எந்த மியூசியத்திலும் வேலையில் இல்லை. தானே ஓவியர்களைத் தேடிப்பிடிப்பார், தானே படங்களைத் தேர்ந்தெடுத்து மாட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் லின் மாதிரி ஆட்களுக்கு ஓசியில் பாடமும் எடுப்பார். இதுவரை ஆறு கண்காட்சி. ஆறையும் திறந்த அன்றே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். சொன்ன காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: ஒயரிங் சரியில்லை. அந்த ஆறு பூட்டும் டீச்சரை உலகம் முழுக்கக் கூட்டிப்போய்ப் பேச வைத்தன. அதுவும் ஓய்ந்து, மூன்று வருஷமாக அழைப்பு எதுவும் இல்லை.

இந்த முறை பூட்டக்கூடாது என்று லின் ஒயர் மொத்தத்தையும் மாற்றினான். தீயணைப்பு சிலிண்டர் எட்டு வைத்தான். டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நீ சிலிண்டர் வை. அவங்க வேற காரணம் வெச்சிருப்பாங்க."

படங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, அடையாள அட்டை நகலைக் கொடுத்தான். இன்ன வேலைக்கு மட்டும் என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுப்பது ஊர் வழக்கம். அவனும் எழுதினான். "என்கிட்டயுமா?" என்று டீச்சர் கிண்டல் பண்ண, அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

மூன்று மணிக்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். டீச்சர் வரவழைத்த போட்டோகிராபர் மட்டும் ஒரு படத்தைக்கூட எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றேகாலுக்குக் கலாச்சார அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள்.

டீச்சர் வாதாடவில்லை. கதவுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார். கேமரா நாலைந்து முறை மின்னியது. பிறகு விலகிக்கொண்டார்.

வந்தவர்களில் மூத்தவர் மா. லின் அவர் பின்னாலேயே நடந்தான். அம்மா ரயிலில் இருக்கிறாள், அரை மணி நேரம் போதும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று கெஞ்சினான்.

"ஒயரெல்லாம் புதுசு சார்."

"தெரியுது தம்பி. உன் படத்துலயும் ஒரு தப்பும் இல்ல. மொட்டைக் கடுதாசின்னா கிழிச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இது பேரு போட்டு, கார்டு நகல் வெச்சு வந்த புகார். கண்டுக்காம விட்டா என் வேலை போயிடும்."

படங்களை லாரியில் ஏற்றினார்கள். மூன்று துண்டும் மூன்று மூலைக்குப் போயின. விசாரணை முடிய ஒரு வருஷமாவது ஆகும் என்றார் மா.

அம்மா வந்தபோது கதவில் பூட்டு. பூட்டின் மேல் அரசு முத்திரை ஒட்டிய காகிதம். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கல்லு உடைஞ்சிருந்துச்சாடா?"

"உடைஞ்சிருந்துச்சும்மா."

டீச்சர் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழாதீங்க டீச்சர் என்று அம்மாதான் தேற்றினாள். ஒரு ஆரஞ்சை உரித்து அவர் கையில் வைத்தாள். அதற்குள் டீச்சரின் போன் அடித்தது. ஒதுங்கிப் போய், அழுகை காயாத குரலில் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்.

லாரியில் போன படத்துக்கு ரசீது கொடுக்க, மா லின்னின் அடையாள அட்டையைக் கேட்டார். வாங்கிப் பார்த்தார். ஃபைலைப் புரட்டினார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, என்னை வெச்சு விளையாடுறியா? புகார் குடுத்ததே நீதான். அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம் கெஞ்சின?"

ஃபைலை அவன் பக்கம் திருப்பினார். டைப் அடித்த புகார். அடியில் அவன் பெயர். பின்னால் குத்தியிருந்த அட்டை நகலின் குறுக்கே, நீல மையில், அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது: 'ஓவிய இன்சூரன்சுக்கு மட்டும்.'