பதிமூணரை

"டீசலைத் திருடுறது அக்காதான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அது ஒரு நாற்றுப் பண்ணை. மலைமேல் இருக்கும் தோட்டங்களுக்கு நாற்றும் பூந்தொட்டியும் ஏற்றிப்போக நான்கு பிக்கப் வண்டிகள். மூன்று புதுசு. நான்காவது, அக்கா ஓட்டுவது, அரதப் பழசு. ஏற்றத்தில் ஒரு தடவை இருமினால் பின்னால் இருக்கும் மலையே புகையில் காணாமல் போய்விடும்.

போன மாதம் முதலாளி ஒரு சட்டம் போட்டார். லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுக்காத வண்டி விற்கப்படும். ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போகலாம்.

அக்காவின் வண்டி கொடுத்துக்கொண்டிருந்தது ஏழு.

"இந்த வாரம் பாருங்க!" முதலாளி காகிதத்தைத் தட்டினார். "அந்த ஓட்டை வண்டி பதிமூணரை! ஒன்பதரை குடுத்த மூணு புது வண்டியும் சொல்லிவெச்ச மாதிரி எட்டுக்கு இறங்கிடுச்சு. அங்கேருந்து உறிஞ்சி இங்க ஊத்துறாங்க. நாளைக்குக் காலையில கையும் களவுமாப் பிடிச்சுட்டு வாங்க."

வெளியே அக்கா தன் வண்டியின் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பதிமூணரை! பாத்தீங்களா?"

"பார்த்தேன். எப்படிம்மா?"

"ரகசியமே இல்ல சார். டயர்ல காத்து சரியா இருக்கணும். காத்து ஃபில்டரைச் சுத்தமா வெச்சுக்கணும். வேண்டாத சாமானைச் சுமக்கக் கூடாது. தொட்டி இறக்குற நேரத்துல இன்ஜினை அணைச்சிடணும்."

"அவ்வளவுதானா?"

அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "செருப்பைக் கழட்டிட்டு ஓட்டுறேன் சார். தூங்குற குழந்தைக்குப் போர்வை போத்துற மாதிரி ஆக்ஸிலேட்டர்ல காலை வைக்கணும். இப்பெல்லாம் ரோட்டுல போற மாதிரியே இல்ல. மேகத்துல மிதக்குற மாதிரி இருக்கு. நேத்து ஒரு வளைவுல வண்டி எங்கிட்ட, 'இன்னும் பத்து வருஷம் ஓடுவேன்'னு சொல்லிச்சு. நம்புவீங்களா?"

சூப்பர்வைசரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த வண்டி போனால் அக்காவுக்கு வேறு வேலை கிடையாது. வேறு கனவும் கிடையாது. இப்படி வெள்ளையாகப் பேசுகிறவரா திருடி? அவருக்கு மனசு வலித்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். கொட்டகைக்குள் பனி புகுந்து, நான்கு வண்டிகளும் பாதிக் கனவில் நிற்பதுபோல் இருந்தன. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அடுக்கிவைத்த தொட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசருக்கே கண் சொக்கியது.

பனிக்குள் ஓர் உருவம் அசைந்தது.

அக்கா இல்லை. புது வண்டி ஓட்டும் நெட்டை! தன் வண்டியிலிருந்து குழாய் போட்டு ஒரு பாட்டில் டீசல் எடுத்தான். நேராக அக்காவின் வண்டிக்குப் போய், டேங்க் மூடியைத் திறந்து ஊற்றினான்.

ஊற்றிவிட்டுத் திரும்பினால் எதிரே இரண்டாவது புது வண்டி ஓட்டும் மீசை. அவன் கையிலும் பாட்டில்.

"நீ எங்கடா இங்க?"

"சும்மா, கண்ணாடி துடைக்க வந்தேன்."

"டீசலாலயா?"

அதற்குள் மூன்றாவது புது வண்டிக்காரனும் வந்துவிட்டான். போன மாதம் கல்யாணம் ஆனதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். இவர்கள் இருவரையும் பார்த்ததும் தன் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளிக்கப் பார்த்தான். அது முழுசாகத் துருத்திக்கொண்டு நின்றது.

சூப்பர்வைசர் எழுந்து வந்தார். மூவருக்கும் உயிரே போய்விட்டது.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரு வாரமா சார்," என்றான் மீசை. "ஏழு கிலோமீட்டரை எட்டாக்க, தினம் ரெண்டு லிட்டர் போதும்னு கணக்குப் போட்டேன்."

"நானும் அதே கணக்குத்தான்," என்றான் நெட்டை.

மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினான்.

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்லையா?"

"இல்ல சார். தெரிஞ்சா இவனுங்க கிண்டல் பண்ணுவானுங்கன்னு..."

"அட கிறுக்கனுங்களா! உங்க வண்டியெல்லாம் எட்டுக்கு இறங்கிடுச்சு. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா உங்க வேலையே போயிருக்குமேப்பா! எதுக்கு இப்படி?"

மாப்பிள்ளை சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை வெளியே எடுத்தான். "மலையில பனி இறங்கிட்டா ஒண்ணும் தெரியாது சார். முன்னாடி மெதுவாப் போற அக்கா வண்டியோட சிவப்பு விளக்கைப் பாத்துத்தான் நாங்க மூணு பேரும் வீடு வந்து சேர்றோம். எம் பொண்டாட்டி அந்த விளக்கைப் பாத்தாத்தான் மூச்சு விடுவா."

பனி கொஞ்சம் வெளுத்தது.

"முதலாளிகிட்ட, பழைய வண்டியோட மீட்டர் கோளாறுன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றார் சூப்பர்வைசர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்," என்றான் மாப்பிள்ளை. " எல்லாம் அவங்க காலோட மகிமைன்னு அவ்வளவு சந்தோஷமா இருக்காங்க."

"நான் ஏம்ப்பா சொல்லப்போறேன்?"

நெட்டை மட்டும் விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான்.

"சார், இடிக்குதே. நாங்க மூணு பேரு ஊத்தினதுக்குப் பதினொண்ணுதானே வரணும்? பதிமூணரை எப்படி வந்துச்சு?"

சூப்பர்வைசர் தொட்டி அடுக்குக்குப் பின்னால் போய், அங்கே வைத்திருந்த இரண்டு லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாளையிலேருந்து நீங்க யாரும் ஊத்தாதீங்கப்பா. எட்டுக்கு நான் ஊத்துறதே போதும்."