சீருடையில் வந்த தீபாவளி

நிரஞ்சனா வகுப்புக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒருவர்கூடப் பண்டிகை உடையில் இல்லை.

உயர்நிலை இரண்டு சி வகுப்பு முழுவதும் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருந்தது. தினமும் போட்டு வருகிற அதே சட்டை, அதே பள்ளிச் சின்னம், அதே வெள்ளைக் காலணி.

வகுப்பாசிரியையான அவள் மட்டும் மாம்பழ நிறப் பட்டுப்புடவையும் தலையில் மல்லிகைச் சரமுமாக வாசலில் நின்றாள். கையில் ஒரு டப்பா நிறைய ஊக்கு.

புடவை கட்டத் தெரியாத சீனப் பெண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் கட்டிவிட வேண்டும் என்று விடிவதற்குள் கிளம்பி வந்திருந்தாள். போன வருடம் ஒருத்திக்கு மேடைப் படியிலேயே கொசுவம் அவிழ்ந்து, நிரஞ்சனா ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் இந்த வருடம் டப்பா பெரியது.

கட்டிவிட இங்கே ஒரு புடவையும் இல்லை.

அன்று பள்ளியில் தீபாவளிக் கொண்டாட்டம். வாரம் முழுக்கக் காலை அறிவிப்பில் ஒலிபெருக்கி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் பாரம்பரிய உடையில் மண்டபத்தில் கூட வேண்டும். அழகாக உடுத்தி வரும் வகுப்புக்குப் பரிசு.

அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழாசிரியர் அவள் ஒருத்திதான். இந்த வருடம் வேறு யாராவது பொறுப்பெடுக்கட்டும் என்று முதல்வரிடம் கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லையென்றால் அரைமணி நேரக் காணொளி ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளலாம், இனி வரும் வருடங்களுக்கும் அதுவே சுலபம் என்றார் அவர்.

ஒருமுறை காணொளியாகிவிட்டால் அது மறுபடி கொண்டாட்டமாகாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டு பொறுப்பை வாங்கிக்கொண்டாள். தோரணத்துக்கும் அகல் விளக்குக்கும் தேக்கா சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். முறுக்கையும் அங்கேயே வாங்கினாள். காலையில் பட்டுப்புடவையோடு அறையிலிருந்து வெளியே வந்தவளை அப்பா ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலைப்பா," என்றாள்.

அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

இவ்வளவும் செய்து, கடைசியில் சொந்த வகுப்பே காலை வாரிவிட்டது.

வழியில் மற்ற வகுப்புகளையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பக்கத்து வகுப்பில் ஒரு பையன் ஜிப்பாவை முன்பின்னாகப் போட்டிருந்தான். பரவாயில்லை, போட்டிருந்தானே. இன்னொருத்தி பொட்டை மூக்குக்குச் சற்று மேலே ஒட்டியிருந்தாள். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நிரஞ்சனா பொரிந்து தள்ளினாள். நோன்புப் பெருநாளுக்கு பாஜு கூரோங் அங்கி, சொங்கோக் தொப்பி என்று வந்தீர்களே, சீனப் புத்தாண்டுக்குத் தலை முதல் கால்வரை சிவப்பாக வந்தீர்களே, தீபாவளி என்றால் மட்டும் இளக்காரமா என்று கேட்டாள். முதல்வர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். உங்களைப் போய் நல்ல பிள்ளைகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்றும் சொன்னாள்.

சீனப் புத்தாண்டுக்கும் ஒருவன் சீருடையில்தான் வந்திருந்தான், ஜியா வெய். அவனிடம் ஒரு காரணம் இருந்தது, அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். இன்றைக்கு வகுப்பு மொத்தத்துக்கும் காரணம் இருக்குமா என்ன?

ஓயாமல் பேசுகிற ரய்யான்கூட மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுடைய கோபத்தை இன்னும் கிளறியது.

வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் வர்ஷா. அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குமா வீட்ல ஒரு பாவாடை சட்டை இல்ல?"

வர்ஷா எழுந்து நின்று ஜியா வெய்யைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"ஜியா வெய்யோட தாத்தா இறந்தப்ப நீங்கதான டீச்சர் சொன்னீங்க. நம்ம பழக்கமும் அதான்னு. வீட்ல யாராச்சும் போய்ட்டா ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்ல, புதுத்துணி இல்லன்னு."

நிரஞ்சனா சொன்னாள்தான். சிவப்புச் சட்டை போடாமல் வந்தவனை மற்றவர்கள் கிண்டல் செய்தபோது, பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் சொன்னாள். அப்போது அவளுடைய அம்மா உயிரோடு இருந்தார்.

ஜூலையில் ஒரு நாள் பள்ளி முடிந்து, இதே வகுப்பு எம்ஆர்டி ரயில் ஏறி தோ பாயோவில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இதே வெள்ளைச் சீருடையில் கொஞ்ச நேரம் ஓரமாக நின்றார்கள். அவளுடைய அப்பா யாரோ நீட்டிய பெட்டிப்பானங்களை வாங்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்.

வர்ஷா இன்னும் உட்காரவில்லை.

"உங்களுக்கு வேலை, நீங்க போட்டுத்தான் ஆவணும். அதான் உங்களுக்குப் பதிலா நாங்க போடல லா."

திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் நிரஞ்சனாவுக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்குத்தான் உபதேசமா என்று அப்பா காலையிலேயே கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

ஒலிபெருக்கி எல்லா வகுப்புகளையும் மண்டபத்துக்கு அழைத்தது.

அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து ஊக்கு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சி வகுப்பை வரிசையில் நிற்கச் சொன்னாள்.