கழுதையின் மனு

முதுகுப் புண்ணில் ஈ மொய்க்க, கழுதை மனு எழுதும் கொக்கிடம் போய் நின்றது.

"முதுகு புண்ணாயிடுச்சு, பத்து நாள் சுமை வேண்டாம்னு கரடி ஐயாவுக்கு எழுதுங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவு மொட்டையாவா?" என்று சிரித்த கொக்கு, ஒரு பக்கம் எழுதித் தள்ளி வாசித்துக் காட்டியது. 'மலையையே சுமந்தும் வளையாத முதுகுடையேன்' என்று தொடங்கியது மனு. புண் எங்கோ கடைசி வரியில் செந்தாமரையாகப் பூத்திருந்தது. படித்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று கழுதை மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

கரடி அதிகாரி முதல் வரியை மூன்று முறை ரசித்துப் படித்தார். "மலையையே சுமப்பானாமே! இன்னும் ரெண்டு மூட்டை ஏத்துங்க."

மறுநாள் மேட்டில் கழுதையைக் கொக்கு வழிமறித்தது.

"ஐயா என் எழுத்தைப் பாராட்டினாராமே! எந்த வரியை?"

"அதைத்தான் சுமந்துட்டுப் போறேன்" என்றது கழுதை.