தோலை உரிச்சுட்டு ஒட்டு

வலிக்கு ஒட்டுகிற மருந்துப் பட்டையின் பின்னால் ஒரு மெல்லிய தாள் இருக்குமே, ஒட்டும் முன் உரித்துப் போடுவோமே, அதை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?

தம்பி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் தோல். யார் வைத்த பெயரோ, எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

வலி மருந்தை உடம்புக்குள் சீக்கிரம் இறக்குகிற பட்டை செய்வதுதான் அவன் வேலை. லேசுப்பட்ட காரியமில்லை. மனுஷத் தோல் வெளியாள் யாரையும் உள்ளே விடாது.

அவனுடைய புதுப் பட்டை ஆய்வுக்கூடத்தில் யாருடைய வலிக்கும் கேட்கவில்லை. அவன் கைவலிக்கே கேட்கவில்லை. அக்காவின் முட்டிவலிக்கு மட்டும் ஒட்டிய கையோடு கேட்டது.

"உங்க அக்காவுக்கு என்னய்யா, வெண்ணெய்த் தோலா?" என்று மேலதிகாரி கிண்டலடித்தார்.

கிண்டலடித்தாலும், நாளைக்குப் பட்டையைப் பார்த்து முடிவு சொல்லப் பெரிய ஆட்கள் வரும்போது அக்காவைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார். வீட்டிலேயே பட்டையை ஒட்டிக்கொண்டு வந்து, அவர்கள் எதிரில் மாடிப்படி ஏறிக் காட்டினால் போதும். இல்லையென்றால் அவனுடைய இத்தனை வருஷப் பாடு குப்பைக்குத்தான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா உடுத்தியிருந்ததை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு பழைய பத்திரிகையால் காலுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

முட்டி, தோலுரித்த தக்காளி மாதிரி இருந்தது. பக்கத்தில் குதிகால் தேய்க்கும் கல்.

"என்னக்கா இது?"

"நீதானேடா சொன்ன, தோலை உரிச்சுட்டு ஒட்டுன்னு? மொதல்ல எரியுது. அப்புறம் வலி போன எடம் தெரியல. படிச்சவன் படிச்சவன்தான்."

முதல் பட்டையை எப்படி ஒட்டுவதென்று ஆய்வுக்கூடத்திலிருந்து அவளுக்குச் சொன்ன ஃபோன் பேச்சு அவனுக்கு ஞாபகம் வந்தது.

தோலையா, என்று அவள் கேட்டாள். தோலைத்தான்க்கா, ஒரு தடவை சொன்னா புரியாதா, என்று எரிந்து விழுந்தான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

காவலுக்கு நிற்கிற தோலையே சுரண்டி எடுத்துவிட்டால் எந்த மருந்தும்தான் உள்ளே போகும். அவன் பட்டை ஒன்றும் கிழிக்கவில்லை.

அந்தத் தோல் இல்லக்கா. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நாளைக்கு மத்த முட்டியிலயும் ஒட்டிக்கிறேன்டா. கிடுகிடுன்னு ஏறிக் காட்டிடுறேன். உன் மானத்தை வாங்க மாட்டேன், பயப்படாத."

அவன் தலை குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். அவிழ்த்த பிறகும் குனிந்தே இருந்தான்.

மறுநாள் காலை குளியலறைக்குள் கல் தேய்க்கிற சத்தம் கேட்டது.

தம்பி கதவைத் தட்டி, நேரமாச்சுக்கா என்றான்.