நடுவில் ஆண்டவர்

வாசலில் நின்ற பலாமரத்தைத் தன்னைக் கேட்காமல் சர்ச் பெஞ்சுக்கு வெட்டக் கொடுத்துவிட்டாள் என்று, ரிட்டயர்டு வாத்தியார் தனபால் தன் மனைவி குளோரியோடு பேச்சையே நிறுத்திவிட்டார். குடும்ப ஜெபம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் இருவரும் அதில்தான் பேசிக்கொண்டார்கள்.

“ஆண்டவரே, ரசத்துல உப்பைக் குறைக்கச் சொல்லும்.”

“குறைச்சுக்கறேன் ஆண்டவரே. அவரைப் பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்லும்.”

ஒருநாள் ஜெபத்தில் தனபால் அவசரமாக முந்திக்கொண்டார். “ஆண்டவரே, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கறாளே, நாமக்கல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்.”

“ஆண்டவரே, அவரு என்ற மூஞ்சியப் பாத்து ஒருக்கா ‘வா’ன்னு கூப்புடட்டும். உடனே கெளம்பறேன்.”

தனபாலுக்கு வார்த்தை வாய்வரை வந்தது. வீம்பு விடவில்லை. “ஆமென்” என்று எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. “வாத்தியாரய்யா, நீங்களே ஜெபம் பண்ணுங்க” என்றார் போதகர்.

“ஆண்டவரே, அவகிட்டச் சொல்லும்…” என்று தொடங்கியவர் பாதியிலேயே கண்ணைத் திறந்தார்.

பலா பெஞ்சின்மேல் வைத்திருந்த சவப்பெட்டியின் பக்கம் குனிந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“வா குளோரி… பஸ் போயிரப் போவுது.”